பாடுகிறவருக்குத் துணையாக ஒரு கிட்டார்

கிட்டார் வாங்கியவர்களில் பெரும்பாலானோர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத்தான் ஆரம்பிக்கிறார்கள். முதலில் நன்றாகக் கற்றுக்கொள்வோம், அதற்கப்புறம் நாலு பேர் முன்னால் வாசிக்கலாம் என்று ஒரு கணக்கு. அந்த 'அதற்கப்புறம்' பலருக்கு வருவதே இல்லை. கிட்டார் உறையோடு பீரோவின் மேல் ஏறிவிடுகிறது. மூன்று கார்டு கைக்கு வந்த வாரத்திலேயே, பாடத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன். வீட்டில் அம்மா பாடினால் அம்மா போதும், பக்கத்து வீட்டுப் பிள்ளை பாடினால் அந்தப் பிள்ளை போதும்.

இதற்குக் காரணம் உண்டு. நம்மூரில் புதிதாகக் கிட்டார் எடுத்த ஒருவருக்குத் தனிக்கச்சேரிக்கு யாரும் மேடை போட்டுத் தருவதில்லை. பிறந்தநாள் வீடு, கல்லூரி ஆண்டு விழா, அலுவலகத்துக் குடும்ப விழா, டிசம்பரில் கேரல் ரவுண்டு என்று எங்கே போனாலும் யாரோ பாடுவார்கள், நாம் கூட வாசிப்போம். ஆக, முதலில் வர வேண்டிய திறமை பாட்டைத் தாங்கிப் பிடிப்பதுதான். அதற்கு வேண்டிய பயிற்சி வேறு, தனியாக உட்கார்ந்து விரலை ஓட்டுகிற பயிற்சி வேறு.

நான் பாளையங்கோட்டைக்காரன். முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பிறகுதான் கிட்டாரைத் தொட்டேன். எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிற அண்ணன்தான் எனக்குச் சொல்லித்தந்தார். முதல் நாள் ஈ மைனர் கார்டைக் காட்டினார். இரண்டே விரல், ஐந்தாம் தந்தியில் இரண்டாவது ஃப்ரெட், நான்காம் தந்தியில் இரண்டாவது ஃப்ரெட். மற்ற நான்கு தந்தியும் சும்மா ஒலிக்கும். அடுத்த கார்டைக் காட்டுவார் என்று காத்திருந்தேன். "இதையே அடிங்க தம்பி, நான் பாடுறேன்" என்று ஒரு பழைய கீர்த்தனையை இழுத்துப் பாட ஆரம்பித்துவிட்டார். ஒரே கார்டில் முழுப் பாட்டும் பொருந்தாது. சில இடங்களில் இடித்தது. அவர் அதைப் பொருட்படுத்தவே இல்லை. என் வலது கை தயங்கியபோது மட்டும் பாட்டை நிறுத்திவிட்டு, "கை நிக்கக் கூடாது. கார்டு தப்பாப் போனாலும் ஆளுக பொறுத்துக்குவாங்க. தாளம் நின்னா பாடுறவங்க எங்க போவாங்க?" என்றார்.

அந்த ஒரு கேள்வியை வைத்தே என் பயிற்சி முழுவதும் நடந்தது.

வலது கை விஷயம் இப்படி. ஒரு தாளத்தை நாலு எண்ணிக்கையாக எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் கை ஒருமுறை கீழே போகும், எண்ணிக்கைகளுக்கு நடுவில் ஒருமுறை மேலே வரும். எட்டு அசைவு. இந்த எட்டும் எப்போதும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். எல்லா அசைவிலும் தந்தியைத் தொட வேண்டியதில்லை. எந்த அசைவில் தொடுகிறோம், எதில் தொடாமல் காற்றில் போகிறோம் என்பதுதான் ஸ்ட்ரம்மிங்கின் வகைகள். ஆரம்பத்தில் எல்லோரும் கற்றுக்கொள்கிற 'கீழ், கீழ்-மேல், மேல்-கீழ்-மேல்' என்ற வகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்றாவது எண்ணிக்கையில் கை கீழே போகும், தந்தியைத் தொடாது. புதியவர்கள் அந்த இடத்தில் கையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். அப்படிக் காத்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் தாளம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துவிடும். தொடாவிட்டாலும் கை போய் வர வேண்டும்.

தொடையைத் தட்டிக்கொண்டு 'தகதிமி தகதிமி' என்று வாயால் சொல்லிப் பழகியது எனக்கு மிகவும் உதவியது. 'த'வும் 'தி'யும் கீழ், 'க'வும் 'மி'யும் மேல். மூன்று அசைவாகப் போகிற பாட்டுக்குத் 'தகிட தகிட'. கிட்டார் கையில் இல்லாதபோதும், பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போதும் இதைச் செய்யலாம். மெட்ரோனோம் செயலி ஒன்றைப் போனில் இறக்கி, நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். 60 என்பது பொறுமையைச் சோதிக்கும் வேகம். வேகமாக அடிக்கும்போது மறைந்துபோகிற தடுமாற்றமெல்லாம் அந்த வேகத்தில் வெளியே தெரியும்.

இடது கையைப் பற்றி எல்லோரும் கேட்கிற கேள்வி வலி. வலிக்கும். எஃகுத் தந்தி போட்ட சாதாரணக் கிட்டாரில், 12 என்று கடைகளில் சொல்கிற லைட் கேஜ் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ இழுவிசையில் நிற்கின்றன. அதைத்தான் விரல் நுனியால் அழுத்துகிறோம். சில வாரங்களில் நுனித்தோல் தடித்துவிடும். அதுவரை தினமும் இரண்டு மூன்று தவணையாகக் கொஞ்ச நேரம் வாசித்தால் போதும். 12க்குப் பதிலாக 10 என்று தொடங்கும் எக்ஸ்ட்ரா லைட் தந்தியைப் போட்டுக்கொண்டால் இழுவிசை நன்றாகக் குறையும். ஆரம்பத்தில் அப்படிப் போட்டுக்கொள்வதில் வெட்கப்பட எதுவும் இல்லை. நைலான் தந்திக்கு என்று செய்த கிளாசிக்கல் கிட்டாரில் மட்டும் எஃகுத் தந்தியைப் போட்டுவிடாதீர்கள். அந்த இழுவையைத் தாங்கும்படி அதன் பலகை செய்யப்படவில்லை, பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும்.

வலியில் பாதி, கிட்டாரைச் சரிசெய்யாமல் வாசிப்பதால் வருவது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே தடித்த ஆறாம் தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். இரண்டரை மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் நல்லது. நாலு மில்லிமீட்டர் இருந்தால், எவ்வளவு பழகினாலும் கை நோகத்தான் செய்யும். கிட்டார் பழுது பார்க்கிறவரிடம் கொடுத்தால் இறக்கித் தருவார். வாங்கும்போதே வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தி, எங்காவது 'டர்ர்' என்று இரைகிறதா என்று பார்த்து வாங்குவது இன்னும் நல்லது. இடது கை நகத்தை ஒட்ட வெட்டுங்கள். விரலை ஃப்ரெட் கம்பிக்குச் சற்றுப் பின்னால், அதை ஒட்டினாற்போல வையுங்கள். இரண்டு கம்பிக்கும் நடுவில் வைத்தால் கூடுதலாக அழுத்த வேண்டியிருக்கும்.

கார்டு மாற்றுவதற்கு வருகிறேன். கார்டுகளைத் தனித்தனியாகப் பிடித்துப் பழகினால் பயன் குறைவு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற வழியைத்தான் பழக வேண்டும். ஏ மைனரையும் சியையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏ மைனரில் ஆள்காட்டி விரல் இரண்டாம் தந்தியின் முதல் ஃப்ரெட்டில் இருக்கிறது, நடுவிரல் நான்காம் தந்தியின் இரண்டாவது ஃப்ரெட்டில். சி கார்டிலும் அந்த இரண்டு விரலுக்கும் அதே இடம்தான். மோதிர விரல் ஒன்று மட்டும் மூன்றாம் தந்தியின் இரண்டாவது ஃப்ரெட்டை விட்டு, ஐந்தாம் தந்தியின் மூன்றாவது ஃப்ரெட்டுக்குத் தாவுகிறது. இது தெரியாமல் மூன்று விரலையும் தூக்கித் தூக்கி வைக்கிற பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன்.

ஜி கார்டையும் இதே நோக்கில் நாலு விரலால் பிடிக்கச் சொன்னார் அண்ணன். ஆறாம் தந்தி மூன்றாவது ஃப்ரெட்டில் நடுவிரல், ஐந்தாம் தந்தி இரண்டாவது ஃப்ரெட்டில் ஆள்காட்டி, இரண்டாம் தந்தி மூன்றாவது ஃப்ரெட்டில் மோதிர விரல், முதல் தந்தி மூன்றாவது ஃப்ரெட்டில் சுண்டு விரல். முதலில் கஷ்டமாக இருக்கும். ஆனால் ஜியிலிருந்து டிக்குப் போகும்போது மோதிர விரல் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு விரல் இடத்தை விட்டு நகராமல் இருந்தால், மற்ற விரல்கள் அதைப் பிடித்துக்கொண்டு வழி கண்டுபிடித்துவிடுகின்றன. இருட்டில் சுவரைத் தொட்டுக்கொண்டே நடப்பது போல.

இரண்டு கார்டுகளுக்கு நடுவே ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மாற்ற முடிகிறது என்று எண்ணுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அதே எண்ணிக்கையை எடுத்துப் பாருங்கள், ஏறுவது தெரியும். இன்னொன்று: கார்டு மாற்றுகிற நேரம் வந்துவிட்டது, விரல் இன்னும் போய்ச் சேரவில்லை என்றால் கையை நிறுத்தாதீர்கள். சும்மா கிடக்கிற தந்திகளை லேசாகத் தட்டிவிட்டு, அடுத்த எண்ணிக்கையில் புதுக் கார்டோடு சேர்ந்துகொள்ளலாம். பாட்டோடு கேட்கிறவர்களுக்கு அது பெரும்பாலும் தெரியாது.

முதலில் எந்தப் பாட்டு? கிட்டார் வாங்கிய இளைஞர்களிடம் கேட்டால் பலர் 'இளைய நிலா' என்பார்கள். 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படப் பாட்டு, எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடியது. அதன் தொடக்கத்தில் வருகிற கிட்டாருக்காகவே கிட்டார் கற்றுக்கொண்டவர்கள் தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். ஆசை நல்லதுதான். ஆனால் அது விரல்களால் தந்தியைத் தனித்தனியாகப் பறித்து வாசிக்கிற வாசிப்பு. வலது கையின் ஒவ்வொரு விரலுக்கும் தனி வேலை. அதை முதல் பாட்டாக எடுத்தால் நாலு மாதம் அந்த நாலு வரியிலேயே போய்விடும், அதற்குள் சலித்துவிடும். ஆசைப்பட்ட பாட்டைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு, முதலில் 'ஹேப்பி பர்த்டே' வாசியுங்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கிட்டார் வாசிக்கத் தெரியும் என்று தெரிந்துவிட்டால் உங்களை முதலில் கேட்கப் போகிறது அந்தப் பாட்டைத்தான். அமெரிக்காவில் மில்ட்ரெட் ஹில், பாட்டி ஹில் என்ற சகோதரிகள் 1893இல் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று வெளியிட்ட காலை வணக்கப் பாட்டின் மெட்டு அது. ஜி, டி, சி என்று மூன்றே கார்டு. ஆனால் அதில் இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று, அது மூன்று எண்ணிக்கைத் தாளம். இரண்டு, பாட்டு தாளத்தின் முதல் தட்டில் ஆரம்பிப்பதில்லை. 'ஹேப்பி' என்பது தட்டுக்கு முன்னாலேயே வந்துவிடும், முதல் தட்டு 'பர்த்' என்ற இடத்தில்தான் விழும். கார்டை 'ஹேப்பி'யில் அடித்தால் பாட்டு முழுக்க ஒரு தட்டுத் தள்ளிப் போகும். 'ஒன்று, இரண்டு' என்று எண்ணி, மூன்றில் மற்றவர்கள் வாயைத் திறக்க, அடுத்த ஒன்றில் ஜி அடியுங்கள். எண்ணிக்கை கொடுத்து ஒரு கூட்டத்தைப் பாட வைக்கிற வித்தையை இந்த ஒரு பாட்டிலேயே கற்றுக்கொள்ளலாம். கேக் வெட்டுகிற இடத்தில் ஆளாளுக்கு ஒரு சுருதியில் ஆரம்பிப்பார்கள். அதனால் எண்ணுவதற்கு முன்னால் ஜி கார்டை இரண்டு மூன்று முறை நிறுத்தி அடித்து அந்தச் சுருதியை எல்லோர் காதிலும் போட்டுவிட வேண்டும்.

சுருதி. துணை வாசிப்பில் பாதி வேலை இதுதான். இதைப் பெரும்பாலான தொடக்கப் பாடங்கள் கடைசியில் வைக்கின்றன. நான் முதலிலேயே வைப்பேன். பாடுகிறவருக்கு எந்தச் சுருதி வசதியோ அந்தச் சுருதிக்குக் கிட்டார் போக வேண்டும். நமக்குத் தெரிந்த கார்டுக்காக அவர்களைத் தொண்டை வலிக்கப் பாட வைப்பது நியாயமே இல்லை.

எங்கள் தெருவில் கர்நாடக சங்கீதம் முறையாகப் படித்த ஓர் அக்கா இருக்கிறார். அவருக்கு வாசிக்கிறேன் என்று போனபோது, "எனக்கு அஞ்சரைக் கட்டை தம்பி, ஒனக்கு வருமா?" என்று கேட்டார். வரும். ஒரு கட்டை என்றால் சி, இரண்டு டி, மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணிக்கொண்டு போனால் கிடைப்பவை இவை. அரைக் கட்டைகள் கறுப்பு. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் கறுப்பு இல்லை என்பதால் மூன்றரை என்று ஒன்று கிடையாது. ஐந்தரை என்றால் ஜி ஷார்ப். கிட்டாரில் ஜி ஷார்ப்பை நேராகப் பிடிக்க முயன்றால் ஆரம்பநிலைக்காரரின் கை ஒடிந்துபோகும். ஆனால் எல்லாத் தந்தியையும் ஒருசேர அழுத்திப் பிடிக்கிற கேப்போ என்ற கவ்வியை முதல் ஃப்ரெட்டில் மாட்டிவிட்டு, தெரிந்த ஜி, சி, டி வடிவங்களையே வாசித்தால் அது ஐந்தரைக் கட்டைதான். ஒவ்வொரு ஃப்ரெட்டும் அரைச் சுரம் ஏற்றும். அவ்வளவுதான் கேப்போவின் ரகசியம். பெண்கள் பலரும் பாடுகிற நான்கரை என்றால் எஃப் ஷார்ப். நான்காவது ஃப்ரெட்டில் கேப்போ, டி குடும்பத்துக் கார்டுகள். ஆறரைக்கு மூன்றாவது ஃப்ரெட்டில் கேப்போ, ஜி குடும்பம். ஒன்றரைக்கு முதல் ஃப்ரெட்டில் கேப்போ, சி குடும்பம்.

கட்டைக் கணக்குத் தெரியாதவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். பாட்டின் கடைசி வரியை வசதியான உயரத்தில் பாடச் சொல்வேன். பெரும்பாலான பாட்டுகள் கடைசியில் வந்து ஆதார சுரத்தில் உட்காரும். அந்த சுரத்தை அப்படியே இழுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஆறாம் தந்தியில் ஃப்ரெட் ஃப்ரெட்டாக நகர்ந்து தேடுவேன். எந்த ஃப்ரெட்டில் அது பொருந்துகிறதோ அந்த எண்ணில் மூன்றைக் கழித்தால், கேப்போ போட வேண்டிய இடம் வந்துவிடும். வாசிக்க வேண்டியது ஜி குடும்பம். ஜி என்ற சுரம் ஆறாம் தந்தியின் மூன்றாவது ஃப்ரெட்டில் இருப்பதால் வருகிற கணக்கு இது. நான்காவது ஃப்ரெட்டில் கிடைத்தால் கேப்போ ஒன்றில், ஆறாவதில் கிடைத்தால் மூன்றில். மூன்றைவிடக் குறைவாக வந்தால் இரண்டைக் கூட்டிக்கொண்டு டி குடும்பத்துக்குப் போய்விடுங்கள். எட்டில் கிடைத்தால் அது சி, கேப்போ இல்லாமலேயே சி குடும்பத்தில் வாசிக்கலாம். பாட்டு மைனரில் இருந்தால் கணக்கு இன்னும் எளிது. தந்தியில் கிடைத்த அதே ஃப்ரெட்டில் கேப்போவைப் போட்டு ஈ மைனர் வடிவத்தில் ஆரம்பிக்கலாம். எண் ஐந்துக்கு மேல் போனால் ஐந்தைக் கழித்துக்கொண்டு ஏ மைனர். இரண்டு மூன்று பேருக்கு இப்படிக் கண்டுபிடித்துக் கொடுத்துப் பாருங்கள், காது தானாகத் தேடத் தொடங்கிவிடும்.

கேப்போ மாட்டியதும் ஒருமுறை ட்யூனரில் பார்த்துக்கொள்ளுங்கள். அது தந்தியைச் சற்று இழுப்பதால் சுருதி லேசாக ஏறும்.

துணை வாசிப்பு என்றால் இரண்டாம்பட்சம் என்று யாராவது நினைத்தால், எனக்குச் சொல்ல இரண்டு விஷயம் உண்டு. உலகம் முழுக்கக் கிறிஸ்துமஸுக்குப் பாடுகிற 'சைலன்ட் நைட்' முதன்முதலில் பாடப்பட்டது 1818 டிசம்பர் 24 அன்று, ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க்குக்கு அருகே ஓபர்ன்டார்ஃப் என்ற ஊரில். வரிகள் எழுதிய பாதிரியார் ஜோசப் மோர் கையில் கிட்டார். மெட்டமைத்த ஃப்ரான்ஸ் க்ரூபர் அவரோடு சேர்ந்து பாடினார். இரண்டு குரல், ஒரு கிட்டார். இன்றைக்கும் எங்கள் கேரல் ரவுண்டில் அந்தப் பாட்டுக்கு மூன்று கார்டுகளை வைத்துத்தான் வாசிக்கிறேன். அடுத்தது நம்முடைய இளையராஜா. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றவர், 1976இல் 'அன்னக்கிளி'க்கு முன்னால் ஜி.கே. வெங்கடேஷின் குழுவில் கிட்டார் வாசித்தவர். இன்னொருவர் மெட்டுக்கும் இன்னொருவர் குரலுக்கும் வாசித்துத்தான் அந்தக் கை வளர்ந்திருக்கிறது.

வாசிக்கும்போது பார்வை எங்கே இருக்க வேண்டும்? இடது கை மேலேயே கண்ணை வைத்திருந்தால் பாடுகிறவர் மூச்செடுப்பது தெரியாது. அடுத்த வரிக்கு முன்னால் தோள் கொஞ்சம் உயரும், வாய் திறக்கும்; அதைப் பார்த்தால் அவர் எந்தத் தட்டில் நுழைகிறார் என்பது அரை நொடி முன்னாலேயே தெரிந்துவிடும். அதனால் ஒரு பாட்டின் கார்டு மாற்றங்களைக் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்க வருகிற வரை அந்தப் பாட்டை வெளியே வாசிப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். பாட்டுத் தாளில் கார்டு எழுதும்போது, வரியின் தொடக்கத்தில் மொத்தமாக எழுதாமல், எந்த எழுத்தின் மேல் கார்டு மாறுகிறதோ அந்த எழுத்தின் தலைக்கு மேலேயே எழுதுங்கள். பதற்றத்தில் கண் அதைத்தான் தேடும்.

பாடுகிறவர் ஒரு வரியை விட்டுவிட்டால்? சரணத்துக்குப் பதில் பல்லவிக்குப் போய்விட்டால்? அவரோடு போங்கள். 'நான் சரியாகத்தான் வாசித்தேன்' என்று நிரூபிக்கிற இடம் மேடை அல்ல. எங்கே போகிறார் என்று புரியாத அந்த இரண்டு மூன்று தட்டுகளுக்கு ஆதாரக் கார்டிலேயே நின்று தாளத்தை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் போதும், அவரே வந்து சேர்ந்துகொள்வார். சத்தத்தையும் கவனிக்க வேண்டும். அவர் பாடும்போது உங்கள் ஸ்ட்ரம்மிங் அவருக்குக் கீழே இருக்கட்டும். வரிக்கும் வரிக்கும் நடுவில் கிடைக்கிற இடைவெளியில் கொஞ்சம் மேலே வரலாம். கீழ்த்தட்டில் எல்லாத் தந்தியையும் வாரி அடிக்காமல் தடித்த மூன்றை மட்டும் தொட்டால் குரலுக்கு நிறைய இடம் கிடைக்கும்.

ஆரம்பத்தையும் முடிவையும் தனியாக ஒத்திகை பாருங்கள். நடுவில் நடக்கிற தடுமாற்றம் பாட்டோடு பாட்டாகக் கரைந்துவிடும். எப்படி நுழைந்தீர்கள், எப்படி முடித்தீர்கள் என்பது சபைக்கு நினைவிருக்கும். கடைசி வரியை இரண்டு முறை பாடுவதா, வேகத்தைக் குறைத்து முடிப்பதா என்பதை முன்னாலேயே பாடுகிறவரிடம் பேசிக்கொள்ள வேண்டும். கடைசிக் கார்டை ஒருமுறை அடித்து ஒலிக்கவிட்டு, அவர் குரல் நிற்கும்போது உள்ளங்கையைத் தந்தி மேல் வைத்து நிறுத்துங்கள்.

மேடைச் சாமான்களைப் பற்றிச் சில. போன் செயலியில் சுருதி சேர்ப்பது வீட்டுக்குச் சரி. கல்யாண மண்டபத்து இரைச்சலில் அதற்குக் காது கேட்காது. கிட்டாரின் தலையில் கவ்விக்கொள்கிற கிளிப் ட்யூனர் மரத்தின் அதிர்வைப் பிடிப்பதால் எந்தச் சத்தத்திலும் வேலை செய்யும். தந்தி உச்சமாகிவிட்டால் தேவைக்குக் கீழே இறக்கி, மறுபடி ஏற்றிச் சேருங்கள். இறக்கி நிறுத்தினால் வாசிக்கும்போது இன்னும் தளரும். ஏசி மண்டபத்துக்குள் நுழைந்ததும் தந்தி குளிர்ந்து இறுகிச் சுருதி ஏறும். மேடை விளக்குச் சூட்டில் தளர்ந்து இறங்கும். ஆகவே மேடைக்குப் போய்க் கொஞ்ச நேரம் கிட்டாரை வெளியே வைத்துவிட்டு அப்புறம் சேருங்கள். புதுத் தந்தியை நிகழ்ச்சி நாளில் மாட்டவே கூடாது. அது இழுபட்டு நிலைக்கு வரச் சில நாளாவது வேண்டும்.

மைக் வைப்பவர் பெரும்பாலும் கிட்டாரின் நடு ஓட்டைக்கு நேராகக் கொண்டுவந்து வைப்பார். அங்கே வைத்தால் 'கும்' என்று அடைத்துக் கேட்கும், ஊளையிடவும் செய்யும். கழுத்து உடலோடு சேருகிற இடத்தைப் பார்த்து ஒரு சாண் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். "அண்ணே, கொஞ்சம் இங்கிட்டு" என்று மரியாதையாகக் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. ஒயர் சொருகுகிற கிட்டாராக இருந்தால் சொருகும்போதும் பிடுங்கும்போதும் ஒலியைக் குறைத்துவிடச் சொல்லுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் ஒயரைக் கழற்றிவிடுங்கள். பெரும்பாலான கிட்டார்களில் ஒயர் சொருகியிருக்கும் வரை உள்ளே பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். வீட்டில் உட்கார்ந்தே பழகியவர்கள் தோள்வாரைப் போட்டு நின்று வாசித்தும் பழக வேண்டும். நின்றால் கழுத்தின் கோணம் மாறும், மணிக்கட்டு மாறும், தெரிந்த கார்டுகூட அந்நியமாக இருக்கும்.

பயம் எல்லோருக்கும் வரும். கை சில்லிட்டுப்போவது அதன் முதல் அடையாளம். மேடைக்குப் போகுமுன் வெந்நீரில் கையை நனைத்துத் துடைத்துக்கொள்வேன். பயத்தின் பெரிய ஆபத்து கை நடுங்குவதல்ல, வேகம் ஏறுவதுதான். நெஞ்சு படபடக்கும்போது எந்த வேகமும் மெதுவாகத் தோன்றும். அதனால் எண்ணிக்கை கொடுக்குமுன் பாட்டிலேயே வார்த்தைகள் நெருக்கமாக வருகிற வரியை மனத்துக்குள் ஒருமுறை பாடிப் பார்ப்பேன். அந்த வரி நிதானமாக வருகிற வேகம்தான் சரியான வேகம். வீட்டில் போனை எதிரே வைத்துப் பதிவு செய்துகொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, எது நடந்தாலும் நிறுத்தாமல் வாசிக்கிற பழக்கமும் உதவும். பதிவு ஓடுகிறது என்று தெரிந்தாலே பாதி மேடை வந்துவிடும்.

முறையாகத் தேர்வெழுத விரும்புகிறவர்களுக்கு லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வுகள் இருக்கின்றன. இனிஷியலில் தொடங்கி எட்டு கிரேடு வரை போகலாம். சென்னையில் 1842இலிருந்து நடக்கிற மூசி மியூசிக்கல் வழியாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். சுரக்குறிப்பு படிக்கவும் விரலொழுங்குக்கும் அது அருமையான வழி, பிள்ளைகளைத் தயங்காமல் சேர்த்துவிடலாம். கிளாசிக்கல் கிட்டார் கிரேடுகள் தனி வாசிப்பை ஒட்டியே போவதால், கூடவே வாரம் ஒருமுறையாவது பாடுகிற ஒருவரோடு உட்காரச் சொல்லுங்கள்.

எஃப் கார்டைப் பற்றிக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். ஒரு விரலால் ஆறு தந்தியையும் அழுத்த வேண்டிய அந்த பாரே கார்டில் மாட்டிக்கொண்டுதான் பலர் விட்டுவிடுகிறார்கள். அதற்காகப் பாட்டை நிறுத்த வேண்டாம். நான்காம் தந்தி மூன்றாவது ஃப்ரெட், மூன்றாம் தந்தி இரண்டாவது, இரண்டாம் தந்தி முதலாவது; முதல் தந்தியைச் சும்மா விட்டு, மேலே இருக்கிற இரண்டு தடித்த தந்தியையும் தொடாமல் அடியுங்கள். எஃப் மேஜர் செவன் என்று பெயர், பல பாட்டுகளில் எஃப் இருக்க வேண்டிய இடத்தில் நன்றாகவே உட்காரும். முழு எஃப்பைத் தினமும் இரண்டு நிமிடம் தனியாகப் பழகிக்கொண்டே இருங்கள். இந்த டிசம்பர் ரவுண்டுக்கு எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிக்கும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன்: ஜி, சி, டி, ஈ மைனர், ஒரு கேப்போ, மூன்று பாட்டு. கூடப் பாட அவன் தங்கச்சி இருக்கிறாள். அவளுக்கு ஆறு கட்டை, கேப்போ இரண்டில்.